மூன்று எட்டாகத் தெரிந்த திரை

ஊழியர் ஒருவர் தவறு செய்தார் என்று விளக்கம் கேட்கும் முன், அவர் கையிலுள்ள கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கண்காணிப்பாளர் நேரில் பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும். நான் முப்பத்துமூன்று ஆண்டு வேலை பார்த்த அலுவலகத்தின் நிலையாணைக் கோப்பில் இது இருக்கிறது. தட்டச்சுப் பொறிகள் இருந்த காலத்தில் எழுதியது. கணினி வந்த பிறகு அதை யாரும் ரத்து செய்யவில்லை. யாரும் படிக்கவும் இல்லை.

எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். வில்லியனூர் பக்கமோ பாகூர் பக்கமோ ஏதோ ஒரு கொம்யூன் பஞ்சாயத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பிறப்பு இறப்புப் பதிவு மேசையில் என் அண்ணன் மகள் வவுச்சர் ஊழியராக, அதாவது வவுச்சரில் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கும் தற்காலிக ஊழியராக, இருந்தாள். எப்படி வேலைக்கு வந்தாள் என்று கேட்காதீர்கள். புதுச்சேரியில் வவுச்சர் ஊழியரிடம் அதை யாரும் கேட்பதில்லை. ஒன்பது ஆண்டாகச் சுத்துக்கேணியிலிருந்து ஸ்கூட்டியில் வந்து போகிறாள். எட்டரை ஆண்டு தண்ணீர் வரிப் பிரிவில் ஒரு குறையும் இல்லாமல் இருந்தாள். அதன் பிறகுதான் இந்த மேசைக்கு மாற்றினார்கள். மாற்றிய ஆறு மாதத்தில் பணி நிரந்தரப் பட்டியல் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. மார்ச் மாதம் முடிவதற்குள் பெயர்கள் போய்ச் சேர வேண்டும். மெமோ நிலுவையில் இருப்பவர்களின் பெயர் போகாது.

மார்ச் முதல் வாரத்து வெள்ளிக்கிழமை மாலை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வழக்கமாக வாசலிலேயே என்னை ஒரு வம்புக்கு இழுத்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். அன்று ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு தாளை மேசைமேல் வைத்தாள்.

“ரெண்டாவது மெமோ” என்றாள்.

படித்தேன். ‘கவனக்குறைவாகவும் பொறுப்பற்ற முறையிலும்’ என்று தொடங்கி ‘ஏன் தக்க நடவடிக்கை எடுக்கக் கூடாது’ என்று முடிந்தது. அந்த வாசகம் என்னுடையது. ஒரு காலத்தில் யாருக்கோ எழுதினேன். பின்னால் வந்தவர்கள் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் மெமோ ஓர் இறப்புச் சான்றிதழுக்காக. பதிமூன்றாம் தேதி இறந்த பெரியவரைப் பதினெட்டாம் தேதி இறந்ததாகப் பதிந்திருந்தாள். பதினான்காம் தேதி கல்லறையில் அடக்கம் செய்ததற்குக் மாதா கோயில் சாமியார் கொடுத்த சீட்டும் இருந்தது. ஆக, அலுவலகக் கணக்குப்படி குடும்பத்தார் அவரை உயிரோடு புதைத்திருந்தார்கள். இரண்டாவது மெமோ ஒரு பெண் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். மூன்றாம் மாதம் பிறந்த குழந்தையை எட்டாம் மாதம் பிறக்க வைத்திருந்தாள். பள்ளியில் வயது போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

“உனக்குக் கண்ணு தெரியலையா?” என்றேன்.

“எல்லாரும் இதையேதான் கேக்குறாங்க. ஆஸ்பத்திரில போய்க் காட்டிட்டேன். எறும்புக்கு எத்தினி காலுன்னு எண்ணிச் சொல்லுவேன்னு டாக்டரே சொல்றாரு. கண்ணு நல்லாத்தான் இருக்குது சித்தப்பா. ஸ்கிரீன்தான் நல்லா இல்ல. எழுத்தெல்லாம் தண்ணில ஊறுன அப்பளமாட்டம் இருக்குது. ஓரத்த உத்துப் பாத்தா படிக்கட்டு படிக்கட்டா தெரியுது.”

மருத்துவமனைகளிலிருந்து வரும் படிவங்களை ஸ்கேன் செய்துவிட்டு அசல் தாளைக் கட்டுக்கட்டி நகரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இவள் திரையில் தெரியும் படத்தைப் பார்த்துத்தான் தேதிகளைத் தட்ட வேண்டும்; பழைய பிறப்புக்கு இப்போது சான்றிதழ் கேட்டாலும் அப்படித்தான். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க அந்த மென்பொருளில் வழி இல்லை.

“துடைச்சுப் பாத்தியா?”

“ஆயுத பூசைக்கு வெச்ச சந்தனத்தக்கூட சுரண்டிட்டேன். ஒயரு மாத்திப் பாத்தாச்சு. கம்ப்யூட்டர் செக்ஷனுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்புனேன். அவங்க பாத்துட்டு, ‘நல்லாத்தானே இருக்குது, இன்னாம்மா காரணம் தேடுறியா’ன்னு எழுதிட்டாங்க. அந்தப் பதிலயும் எம் பைல்ல சேத்து வெச்சிருக்காரு சூப்பிரண்டு.”

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்கு வாங்கிய கணினியில் எனக்கும் இதே தொல்லை இருந்தது. திரையில் இத்தனை புள்ளிகள் என்று செய்தவன் எண்ணிப் பதித்திருக்கிறான். கணினி அதைவிடக் குறைவாக அனுப்பினால், திரை அந்தக் கொஞ்சத்தையே இழுத்து இடத்தை நிரப்பும். எழுத்து பருக்கும், ஓரம் கலங்கும், மூன்றின் வாய் மூடிக்கொள்ளும். ஸ்கிரீன்ஷாட் என்பது கணினி அனுப்புவதன் நகல். திரை அதை என்ன பாடு படுத்துகிறது என்பது அதில் வராது. நல்ல திரையில் அதைத் திறந்தவர்களுக்கு நன்றாகத்தான் தெரிந்திருக்கும். அவளைப் பொய்க்காரி ஆக்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

“ரெசல்யூஷன் குறைச்சு வெச்சிருக்குது. டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போய் ‘ரெக்கமண்டட்’னு இருக்கிறத அமுக்கு. பத்து செகண்டு வேலை.”

“தெரியும் சித்தப்பா. தொடக் கூடாதுன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்குது.”

“எவன் ஒட்டினது?”

அவள் என் மனைவியைப் பார்த்தாள். பிறகு காபி தம்ளரைப் பார்த்தாள். “திங்கக்கெழம வந்து நீங்களே பாருங்க” என்றாள்.

திங்கட்கிழமை காலை பத்தரைக்குப் போனேன். பதிவு மேசை முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். இவள் ஒவ்வொருவரிடமும், “அம்மா, புள்ள எந்த மாசம் பொறந்துச்சு? வாயால சொல்லுங்க” என்று கேட்டுக் கேட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். “ஏம்மா, பாத்து எழுதத் தெரியாதா ஒனக்கு? இதுக்கா கவர்மெண்டு ஒன்ன ஒக்கார வெச்சிருக்குது?” என்றார் ஒருவர். அவள் அவரிடமும் மாதத்தைக் கேட்டுத் தட்டினாள்.

மேசையைச் சுற்றி வந்து திரையைப் பார்த்தேன். ஐந்தும் ஆறும் ஒன்று போலிருந்தன. மூன்றும் எட்டும் இரட்டைப் பிள்ளைகள். திரையின் கீழ்ச் சட்டத்தில் மஞ்சளேறிய ஸ்டிக்கர்: ‘இத்திரையின் அமைப்பை எழுத்துமூல அனுமதியின்றி எவரும் மாற்றக் கூடாது.’ கீழே அலுவலக முத்திரை, தேதி, கையொப்பம்.

கையொப்பம் என்னுடையது.

ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு எனக்கு இரண்டு கண்ணிலும் புரை. அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கணினி அப்போது கண்காணிப்பாளரான என் அறையில் இருந்தது; அண்ணன் மகள் வந்தபோதுதான் பதிவு மேசைக்கு வந்திருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கு என்றேன். கணினியைப் பராமரிக்க வந்தவர் இப்படிப் பெரிதாக்கிக் கொடுத்தார். கலங்கிய கண்ணுக்குக் கலங்கிய எழுத்து ஒன்றும் உறுத்தவில்லை. யாரோ ஒரு நாள் அதை மாற்றிவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் கத்துகிறவன் இல்லை, உத்தரவு போடுகிறவன்.

கண்காணிப்பாளர் அறையிலிருந்து வெளியே வந்தார். எனக்குக் கீழே பன்னிரண்டு ஆண்டு இருந்தவர். “வாங்க சார், வாங்க” என்றவர் என் பார்வை போன இடத்தைக் கண்டுகொண்டார்.

“இத மாத்திடலாமே” என்றேன்.

“மாத்தலாம் சார். எழுத்துமூல அனுமதி வேணுமே.”

“நீங்களே குடுக்கலாமே.”

“இந்தம்மாவோட விளக்கம் நிலுவையில இருக்குது. இந்த நேரத்துல நான் ஸ்கிரீனத் தொட்டா, சாட்சியக் கலைச்ச மாதிரி ஆயிடும். விசாரணை முடியற வரைக்கும் எது எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும். நீங்க சொல்லிக் குடுத்ததுதான் சார்.”

சொல்லிக் கொடுத்திருந்தேன்.

“சரி, நிலையாணைப்படி மெமோ போடுறதுக்கு முன்னால கருவிய நேரா வந்து பாத்தீங்களா?” என்றேன். அவர் சிரித்தார். “பாத்தேனே சார். ஆன் ஆவுது, ஆஃப் ஆவுது.”

வரிசையில் முதல் ஆளாக, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். பள்ளி திருப்பி அனுப்பியது அவள் மகளைத்தான். திருத்தத்துக்காக நான்காவது முறை வந்திருந்தாள். “சார், நீங்க பெரிய ஆபீசர்தான, நீங்களே ஒருதபா படிச்சுச் சொல்லிடுங்க. நான் எத்தினி நாளு கூலி வேலைய வுட்டுட்டு வர்றது?” என்றாள் கண்காணிப்பாளரிடம்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். வரிசை எட்டிப் பார்த்தது. அண்ணன் மகள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். பிறகு, கொம்யூனுக்கே கேட்கும்படி, “எட்டு” என்றார்.

“அய்ய, நீயும் எட்டுன்னுதான் சொல்ற!” என்றாள் அந்தப் பெண். “பெத்தவ நான் சொல்றேன், மாசி மகம் கழிச்சு ஒரு வாரத்துல பொறந்துச்சு. மாசி மகம் எட்டாம் மாசத்துலயா வருது?”

வரிசையில் சிரித்தார்கள். கண்காணிப்பாளர் நிமிர்ந்தார். காது சிவந்திருந்தது. இனி இவர் இறங்கி வர மாட்டார் என்று நினைத்தேன். ஆனால் என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் சொன்னார்: “ஆணையருக்கு எழுதிக் குடுங்க சார். எதுக்காக இப்படி வெச்சீங்கன்னு நீங்களே எழுதினாத்தான் இந்த மெமோ நிக்காது. நான் எழுதினா, தெரிஞ்சே மெமோ போட்டேன்னு ஆயிடும்.”

இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்றவர் மீது, நான்கு ஆண்டுக்கு முந்தைய செயலுக்காக நடவடிக்கை தொடங்க முடியாது. ஸ்டிக்கரில் இருந்த தேதி ஏப்ரல் ஒன்பது. நான்கு ஆண்டு நிறைய இன்னும் சரியாக ஒரு மாதம் இருந்தது. ஒரு ஸ்டிக்கருக்காக ஓய்வூதியத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். இதைவிடச் சிறியவற்றுக்குக் கை வைக்கச் சொல்லி நானே குறிப்பு எழுதியிருக்கிறேன்.

“சாப்பிட்டுட்டு வரேன்” என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன். சாப்பிட உட்கார்ந்தேன். மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன், நான்கு ஆண்டு விதியையும் சேர்த்து.

அவள் மோரை ஊற்றிக்கொண்டே கேட்டாள். “ஒரு மாசம் பொறுத்து எழுதினா உங்களுக்கு ஒண்ணும் வராது, அதான?”

“ஆமா.”

“ஒரு மாசம் பொறுத்து எழுதினா அவளுக்கு?”

நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

“இத்தினி வருசமா ஊருக்கே விளக்கம் கேட்டீங்களே, ஒருத்தருக்குக் குடுத்துப் பாருங்க” என்றாள். “மோரக் குடிச்சிட்டுப் போங்க. வெயிலு.”

மூன்று மணிக்கு அதே மேசையின் ஓரத்தில் நின்று எழுதினேன். வாழ்நாளில் எத்தனையோ கடிதங்கள் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் செயப்பாட்டு வினையில்: கருதப்படுகிறது, தெரிவிக்கப்படுகிறது. யார் கருதினார், யார் தெரிவித்தார் என்று எதிலும் இருக்காது. இதில் அப்படி எழுத முடியவில்லை. ‘என் கண்ணில் புரை இருந்ததால் எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். அதனால் திரை கலங்கியது. அதை மாற்றக் கூடாது என்று நானே உத்தரவிட்டேன். பதிவு மேசை ஊழியரின் இரண்டு பிழைக்கும் காரணம் இதுவே.’ அண்ணன் மகள் தன் செல்போனில் திரையைப் படம் எடுத்து, வெளியே கடையில் அச்சிட்டு வந்தாள். அதையும் ஸ்கிரீன்ஷாட்டையும் பக்கம் பக்கமாக ஒட்டி இணைத்தேன். தபால் பிரிவில் முத்திரையும் வரவு எண்ணும் போட்ட நகலை வாங்காமல் நகரவில்லை.

ஆணையர் அறை அதே கட்டடத்தில், மாடியில். பதினேழு படி. என் கடிதம் அந்தப் பதினேழு படியை ஏறியதா என்பதே பத்து நாளுக்குத் தெரியவில்லை. நினைவூட்டல் எழுதினேன். இரண்டாவது நினைவூட்டலும் எழுதினேன். இவள் தினமும் வாய்விட்டுக் கேட்டுக் கேட்டுப் பதிந்தாள். ஒருநாள் வந்தவர் ஊமை. எழுதிக் காட்டச் சொல்லி, அதைப் பார்த்துப் பதிந்தாளாம். மூன்றாவது பிழை வந்தால் பட்டியலைப் பற்றிப் பேசவே தேவை இருக்காது. மாலையில் எனக்குப் போன் செய்வாள். “இன்னிக்கு முப்பத்திநாலு சித்தப்பா. ஒண்ணும் தப்பு இல்லன்னு நெனைக்கிறேன்.” அந்த ‘நினைக்கிறேன்’ என்னைத் தூங்கவிடவில்லை.

இருபத்தேழாம் தேதி பட்டியல் போகும் என்று சொன்னார்கள். அன்று மதியம் அலுவலகம் போனேன். பட்டியல் தட்டச்சாகி, கையொப்பமாகி, கண்காணிப்பாளர் மேசையில் இருந்தது. பதினோரு பெயர். அவள் பெயர் பன்னிரண்டாவதாக, பென்சிலில்.

“இது இன்னிக்கே போகணும் இல்ல?” என்றேன்.

“போகணும் சார்.” அவர் பட்டியலை எடுத்து இழுப்பறையில் வைத்தார். “தபால் எழுதுற ஆளு லீவு. திங்கக்கெழமதான் போகும்.”

தபால் எழுதுகிறவர் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்ததை இருவரும் சன்னல் வழியாகப் பார்த்தோம். முப்பத்துமூன்று ஆண்டில், உரிய காரணமின்றித் தபாலை நிறுத்தி வைத்தவர்கள் யாரையும் நான் விட்டதில்லை. அன்று வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் வந்த பதிலில், இரண்டு மெமோவும் திரும்பப் பெறப்படுகின்றன, திரையைத் தயாரிப்பாளர் பரிந்துரைத்த அளவுக்கு மாற்றலாம், முன்னாள் கண்காணிப்பாளரின் செயல் குறித்துத் தனியே பரிசீலிக்கப்படும் என்று ஆணையர் கையொப்பமிட்டிருந்தார். கையொப்பத்தின் கீழ் பதினாறாம் தேதி. பதினேழு படி இறங்க அதற்குப் பதினான்கு நாள் ஆகியிருந்தது. கண்காணிப்பாளர் அதைப் படித்துவிட்டு, பென்சில் எழுத்தின் மேலேயே பேனாவால் எழுதி, உறையை ஒட்டினார். அண்ணன் மகள் மவுஸை நகர்த்தி ஒருமுறை அமுக்கினாள். திரை ஒரு கணம் கறுத்து, எழுத்துகள் சிறுத்துத் தெளிந்தன. பதில் வந்தது மார்ச் முப்பதாம் தேதி, திங்கட்கிழமை, மாலை நாலரை மணிக்கு.