விபூதி போட்டு மினுக்கிய ரோமானியக் காசு

ரோமானிய அரசர்கள் தங்களிடம் இல்லாத குணங்களைத்தான் வெள்ளிக் காசில் அடித்தார்கள் என்பது என் கட்சி. நீதி ஒரு பெண்ணாகத் தராசு பிடித்து நிற்பாள். அடக்கம் முக்காட்டை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மிசிசாகாவில் வேலை முடிந்து ரூஜில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர்ந்தால், நான் சேர்த்த காசுகளில் பூதக்கண்ணாடியோடு இவர்களைப் பார்ப்பதுதான் எனக்கு ஆறுதல்.

நான் கணவரை விட்டு வந்து ஏழு மாதமாகியிருந்தது. வக்கீல் கொடுத்த பிரிவு ஒப்பந்தம் கையெழுத்துக்காக மேசையில் கிடந்தது. என்னைத் திருப்பி அனுப்பிவைக்க ஒரு ஞாயிறு காலை அண்ணனும் அண்ணியும் ஒஷாவாவிலிருந்து வந்தார்கள்.

நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வருவதற்குள் அண்ணி மேசையிலிருந்த காசு ஒன்றை எடுத்து, சாமித்தட்டு விபூதியால் வெள்ளி விளக்கை மினுக்குவதுபோல் மினுக்கிவிட்டார். காசு சேர்ப்பவர்களுக்கு அதன் பழைய கறுப்புத்தான் உயிர். அது முழுக்கப் போய்விட்டது. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அவர் அதோடும் விடவில்லை. நான் கழற்றிச் சாமிப்படத்தடியில் வைத்திருந்த தாலிக்கொடிக்குப் பக்கத்தில் அந்தக் காசைக் கொண்டுபோய் வைத்தார்.

"பாரும், மாப்பிளையும் பொம்பிளையும் கைபிடிச்சுக்கொண்டு நிக்கினம். அந்தக் காலத்து வெள்ளைக்காரருக்கே உது விளங்கியிருக்கு," என்றார்.

"உதிலை என்ன எழுதியிருக்கு?" என்று அண்ணன் கேட்டார்.

"நித்திய ஒற்றுமைக்கு எண்டு," என்றேன். "உதிலை நிக்கிற மாப்பிளைதான் அரசன். அவனுக்குத் தன்ரை பெண்சாதியைக் கண்ணிலையும் காட்டேலாது. தீவொண்டுக்குத் துரத்தி, பிறகு ஆளை விட்டுக் கொல்லுவிச்சவன்."

அண்ணி விபூதிக் கையைச் சேலையில் துடைத்தார். அண்ணன் காசைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அவளுக்கு அண்ணன் தம்பி ஒருத்தரும் இருக்கேல்லையோ?" என்றார்.

"ஒருத்தன் இருந்தவன். அவளைத் துரத்தேக்கை அவனையும் சேர்த்துத்தான் துரத்தினவங்கள். அவளோடையே செத்தான். நீங்கள் என்னைக் காரிலை ஏத்திக்கொண்டுபோய் அந்த வீட்டு வாசலிலை விடவெல்லோ வந்திருக்கிறியள், அண்ணை."

சொல்லிவிட்டு, அவர்கள் பார்க்க ஒப்பந்தத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. கீழே இன்னொரு கோடு வெறுமையாக இருந்தது.

"சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்," என்று பேனையை அண்ணனிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கும்வரை நான் கையை இறக்கவில்லை.