கதையில் வந்தவனுக்கு ஒரு ஜெபம்

கிறிஸ்தவ எழுத்தாளர் கூட்டம் எதற்குக் கூப்பிட்டாலும் முதல் கேள்வி ஒன்றுதான். எழுத உங்களைத் தூண்டுவது எது? ஆவியானவர் என்று சொல்லிவிட்டால் போதும், கூட்டம் ஆமென் போட்டுவிடும், டீ வந்துவிடும். நானும் பலமுறை அப்படிச் சொல்லித் தப்பித்திருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. என்னை எழுத வைத்தது பெரும்பாலும் எரிச்சல். அதற்கடுத்தபடியாக வில்லாபுரத்தில் ஓர் எஸ்.டி.டி. பூத்.

தொண்ணூறுகளில் அந்தப் பூத்தில் வேலை பார்த்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் நுழைந்ததும் யாருக்கும் நாம் பேசுவது கேட்காது என்று ஜனங்களுக்கு ஒரு நினைப்பு. அவர்கள் போடுகிற சத்தம் அவனியாபுரம் வரைக்கும் கேட்கும். எனக்கு எப்போதும் பாதிப் பேச்சுதான் கிடைக்கும். "சரி, அப்ப நீ வர மாட்ட" என்று ஒருத்தி சொல்லிவிட்டு ரிசீவரைப் பிடித்தபடியே நிற்பாள். எதிர்முனையில் இருந்தவன் என்ன சொன்னான்? அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. அந்த மீதிப் பாதியை நானே இட்டுக்கட்டி, கதை எழுதப் பழகினேன்.

உட்கார்ந்து எழுத எனக்கு இன்றும் வராது. டவுன் பஸ்ஸில், ரேஷன் கடை வரிசையில், உலை கொதிக்கும்போது அடுப்படியில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே மனதுக்குள் எழுதுவேன். பிறகு நின்றவாக்கில் கிறுக்குவேன். "கால்ல சக்கரத்தக் கட்டிக்கிட்டுப் பொறந்தவ" என்பாள் அம்மா.

என் கதைகள் எங்கள் சபை வட்டாரத்தில் வந்த ஒரு மாத இதழில் வெளியாயின. அதன் ஆசிரியர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கதை எப்படி வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம், குடிகாரன் வரலாம், கோர்ட் வரலாம், விபத்து வரலாம். ஆனால் கடைசி அத்தியாயத்தில் யாராவது ஒருவர் முழங்காலில் நின்றாக வேண்டும். நிற்காவிட்டால் கதை அச்சுக்குப் போகாது. நான் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுவார். "முழங்கால் எங்கம்மா?" என்று கேட்பார். நான் எத்தனை பேரை முழங்காலில் நிறுத்தியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் வீடு திரும்பும்போது வாயில் வேப்பங்காயைக் கடித்த மாதிரி இருக்கும்.

இதற்குக் காரணம் என் அண்ணன். நாங்கள் அப்போது திருவாதவூர்ப் பக்கம் இருந்தோம். அப்பா சபை கமிட்டியில் பெரிய ஆள். அண்ணனுக்குத் திடப்படுத்தல் ஆராதனை. அன்றைக்குத்தான் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை அப்பமும் ரசமும் வாங்குவார்கள். புது வேட்டி, புதுச் சட்டை, வீட்டில் பிரியாணி. எல்லாப் பிள்ளைகளும் எழுந்து பீடத்துக்குப் போனார்கள். அவன் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். வெளியே வந்ததும் மொத்தச் சபைக்கும் முன்னால் அப்பா அவன் கன்னத்தில் அறைந்தார்.

"நம்பாம எப்படிப்பா வாங்கி வாயில போடுறது?" என்று மட்டும் கேட்டான். அந்த வாரமே வீட்டைவிட்டுப் போய்விட்டான்.

வீட்டில் அவன் பெயரைச் சொல்லக் கூடாது என்றார் அப்பா. அப்பா இறந்த பிறகு நானும் அம்மாவும் வில்லாபுரத்துக்கு வந்தோம். தடை போட்டவர் போய்விட்டார், அம்மா தடையை மட்டும் கூடவே கொண்டுவந்துவிட்டாள். புதுச் சபையில் யாராவது கேட்டால் ஒரே ஒரு மகள்தான் என்பாள். கீழக்குயில்குடிப் பக்கம் ஒரு கல்குவாரியில் அவனைப் பார்த்ததாக ஒருவர் சொல்லி, நான் போய்ப் பார்த்தேன். அது வேறு யாரோ. வந்து சொன்னபோது அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் ஒன்றும் நான் போகவில்லை. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்தவளே அவள்தான்.

பூத்தில் போன் அடிக்கும்போதெல்லாம் அவன்தானோ என்று ஓடிப்போய் எடுப்பேன். இதற்கு மேல் தாங்காது என்று ஆனபோது அவனை எழுதினேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். நற்கருணை வாங்க மறுத்து வீட்டைவிட்டுப் போன ஒரு பையன், அவனைத் தேடாமலே காத்திருக்கிற ஒரு தாய். அதை மாதாமாதம் தொடராக எழுதினேன். அம்மா இதழை வாங்கி வாசிப்பாள், மடித்து வைப்பாள். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். எனக்கோ இருப்புக்கொள்ளாது.

அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் போதகரின் மனைவி வழக்கம்போல் ஜெபக் குறிப்புகள் கேட்டார். மகள் கல்யாணம், பேரன் பரீட்சை, சர்க்கரை, மூட்டுவலி. கடைசியாக ஓர் அக்கா எழுந்து, "நம்ம பத்திரிகையில வர்ற அந்தத் தம்பிக்காக ஜெபிக்கணும். எங்க இருக்கோ, சாப்புட்டுச்சோ என்னமோ" என்றார்.

எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. "அக்கா, அது கதைக்கா. நான்தான் எழுதுறேன்."

"எழுதுறது நீதான், தெரியும்த்தா. அதுக்குன்னு அந்தப் பய எங்கயோ கெடந்து சீரழியட்டும்னு விட்டுற முடியுமா?"

யாரும் சிரிக்கவில்லை. போதகரின் மனைவி கண்களை மூடி, கதையில் நான் வைத்த பெயரைச் சொல்லி ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். நான் அரைக்கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தேன். அம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன, முகம் நனைந்திருந்தது. எத்தனையோ வருடங்களாகத் தன் மகனுக்காக வாய்விட்டு ஒரு ஜெபம் கேட்க முடியாதவளுக்காக, கூட்டமே சேர்ந்து ஜெபித்துக்கொண்டிருந்தது. அதன்பின் ஒவ்வொரு கூட்டத்திலும் அந்தத் தம்பிக்கு ஜெபம் உண்டு. மழையானாலும் அம்மா கூட்டத்துக்குப் போகத் தவறவில்லை.

இதழ் ஆசிரியர் இதெல்லாம் அறியார். "கிறிஸ்மஸ் இதழோட முடிச்சிரும்மா. பையன் வீட்டுக்கு வரட்டும், பண்டிகைக்குப் பொருத்தமா இருக்கும்" என்று சொல்லி அனுப்பினார். அன்று இரவுச் சாப்பாட்டின்போது இதை அம்மாவிடம் சொன்னேன். அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"முடிச்சிராதத்தா."

"ஏன்?"

"முடிச்சிட்டா ஜெபம் பண்றத நிறுத்திருவாகள்ல."

இத்தனை காலத்தில் அவனைப் பற்றி அம்மா என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. கதையை முடிக்கவும் முடியாது, முடிக்காமல் இருக்கவும் முடியாது. அந்த மாதம் முழுக்க பூத்துக்கும் வீட்டுக்குமாகப் பேய் பிடித்தவள்போல் நடந்தேன். கடைசியில் அவனை ஒரு பஸ்ஸில் ஏற்றினேன். எந்த ஊர்ப் பஸ் என்று எழுதவில்லை. ஏறினான், ஜன்னலோரம் உட்கார்ந்தான், அவ்வளவுதான். இதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. ஏறிவிட்டான் அல்லவா, இன்னும் வந்து சேரவில்லை அல்லவா, ஜெபிப்பவர்கள் ஜெபிக்கட்டும் என்று பிரதியை ஆசிரியர் மேசையில் வைத்துவிட்டு, அவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவதற்குள் ஓடிவந்துவிட்டேன்.

கிறிஸ்மஸ் இதழ் வந்தது. ஆசிரியர் ஒரு பத்தியைத் தன் கையாலேயே சேர்த்திருந்தார். பையன் பஸ்ஸைவிட்டு இறங்குகிறான், வீட்டு வாசலில் தாயின் காலடியில் முழங்காலில் நிற்கிறான், ஆலய மணி வேறு அடிக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அம்மா வாசித்துவிட்டு இதழை மடிக்கக்கூட இல்லை. அது என் எழுத்தில்லை என்று எவ்வளவோ சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை.

அடுத்த ஐக்கியக் கூட்டத்தில் ஒரே சந்தோஷம். அந்த அக்கா கேசரி கிண்டி எடுத்துவந்திருந்தார். "ஆண்டவர் அம்புட்டுப் பேரோட ஜெபத்தையும் கேட்டுட்டாரு பாருங்க!" எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். என்னைப் பாராட்டினார்கள். எழுந்து ஓடிவிடலாமா என்று நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் அம்மா எழுந்து நின்றாள்.

"கதையில உள்ளவன் வந்துட்டான். எம்மவன் இன்னும் வரல" என்றாள்.

"ஒங்களுக்கு மகன் இருக்கானா? பேரு என்னக்கா?" என்று போதகரின் மனைவி மெல்லக் கேட்டார். அம்மா அண்ணனின் பெயரைச் சொன்னாள். வீட்டில் கூப்பிடுகிற பெயரை அல்ல, ஞானஸ்நானத்தில் வைத்த முழுப்பெயரை. அப்பா அறைந்ததையும் சொன்னாள், அவன் கேட்ட கேள்வியையும் சொன்னாள். கேசரியை ஓரமாக வைத்துவிட்டு எல்லோரும் முழங்காலில் நின்றார்கள்.

என்னால் கண்ணை மூட முடியவில்லை. ஆசிரியர் மேல் இருந்த கோபம் தீரவில்லை. ஆனால் அந்த மனிதர் ஒட்டுப்போட்ட அந்தப் பொய் முடிவு இல்லாவிட்டால் அம்மா வாயைத் திறந்திருக்கமாட்டாள் என்பதும் புரிந்தது. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அண்ணனும் இன்றுவரை வரவில்லை.

கூட்டம் முடிந்து அம்மாவும் நானும் தெருவில் நடந்தோம். வழக்கத்துக்கு மாறாக அவள்தான் வேகமாக நடந்தாள். பாதி தூரம் போனதும் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சத்தமாத்தான சொன்னேன்? பேரு எல்லாருக்கும் கேட்டிருக்கும்ல?"

"கேட்டுச்சும்மா."