வாஷிங்குக்கு வந்த பச்சை டேக்

எனக்கு அறுபத்தெட்டு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன். ஒரகடம் பக்கத்தில் இரும்பு பார்ட்ஸ் செய்கிற கம்பெனியில் வாஷிங் செக்‌ஷனுக்கு அது போதும் என்றுதான் எடுத்தார்கள். இரண்டாயிரத்து மூன்று, நான்கு இருக்கும்.

ஒரு நாள் சூப்பர்வைசர் போர்டில் இங்கிலீஷில் எழுதிவிட்டு அடுத்த ஷெட்டுக்குப் போய்விட்டார். 'வாஷ் பார்ட்ஸ் இன் ப்ளூ ட்ரே.' படித்துச் சொன்னவள் தென்காசிப் பெண் இசக்கி.

"யக்கா, பார்ட்ஸை நீல ட்ரேயில போட்டுக் கழுவச் சொல்லுதாரு."

"இன்னாடி சொல்ற? நீல ட்ரேல கீறதைக் கழுவச் சொல்றாரு. ரேக்குல ரொம்பிக் கெடக்குது பாரு."

இசக்கி தலையைச் சொறிந்தாள். "ரெண்டு மாதிரியும் வாசிக்கலாம்க்கா."

தமிழில் என்றால் 'போட்டு' என்றோ 'இருக்கிற' என்றோ ஒரு சொல் வந்து சண்டையை முடித்துவிடும். அந்த இங்கிலீஷில் ப்ளூ ட்ரே கழுவுவதோடு சேருமா, பார்ட்ஸோடு சேருமா என்பது எழுதியவருக்குத்தான் வெளிச்சம். மத்தியானம் லாரி வரும். போன வாரம்தான் எங்களை வேலைக்குச் சேர்த்துவிட்ட கான்ட்ராக்டர், "இன்னொரு லோடு கெட்டுச்சுன்னா வாஷிங் ஆளுங்க மொத்தமும் வெளிய" என்று சொல்லியிருந்தார். வெறும் கேள்வியோடு போனால் சூப்பர்வைசர், "போர்டுல எழுதிகீது, போய்ப் படி" என்று துரத்துவார்.

மெஷின் செக்‌ஷனில் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் ஆரம்பித்ததும் ஒரே ஒரு பீஸ் ஓட்டுவார்கள். குவாலிட்டி பார்ப்பவரிடம் அதைக் காட்டி, சரி என்று பச்சை டேக் வாங்கிய பிறகுதான் மற்றதெல்லாம். ஃபர்ஸ்ட் பீஸ் என்பார்கள். எங்களுக்கு அது கிடையாது. நான் ரேக்கில் இருந்த நீல ட்ரேயிலிருந்து ஒன்றை எடுத்துக் கழுவி, கையில் பிடித்துக்கொண்டு சூப்பர்வைசர் இருந்த ஷெட்டுக்கு நடந்தேன்.

"கழுவறதுக்குக்கூட ஃபர்ஸ்ட் பீஸா?" என்று மெஷின் பசங்கள் சிரித்தார்கள்.

"ஆமாண்டா, நாங்களும் ப்ரொடக்‌ஷன்தான்."

சூப்பர்வைசர் கத்தினார். "லாரி வர்ற நேரத்துல ஒத்த பீஸைத் தூக்கினு ஊர்வலம் வர்றியேம்மா!" வாங்கித் தடவிப் பார்த்தார். முகம் மாறியது. "ஐயோ, துரு புடிக்காம எண்ணெய் தடவி ரெடியா வெச்ச லோடும்மா இது! எத்தினி கழுவின?"

"இது ஒண்ணுதான் சார்."

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். புதிதாகப் பெட்டியில் வந்ததைத்தான் காலி நீல ட்ரேயில் போட்டுக் கழுவ வேண்டுமாம். இசக்கி சொன்னதுதான் சரி. இருந்தாலும் லோடும் பிழைத்தது, எங்கள் வேலையும் பிழைத்தது. மறுநாளிலிருந்து வாஷிங்குக்கும் பச்சை டேக் வந்தது. சிரித்த பசங்கள் எதிரிலேயே முதல் டேக்கை ட்ரேயில் மாட்டினேன்.

வேலைக்குப் போகிற பிள்ளைகளே, எழுத்து இரண்டு பக்கம் இழுத்தால் வாயால் மல்லுக்கட்டாதீர்கள். ஒன்றே ஒன்று செய்து, எழுதியவர் கையில் கொடுங்கள்.

நான் சொல்லச் சொல்ல எழுதியவள் என் பேத்தி. "ஏ புள்ள, எழுதினதைப் படி பாப்போம். மொத்தமும் வாணாம். மொதல் வரி மட்டும் படி. நான் ஓகே சொன்னப்புறம் மீதி."