மார்கழியில் வேண்டாம்

என் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த சீரில் நல்ல படுக்கை விரிப்பு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில்தான் என் வீட்டுக்காரர் உலகத்தின் முடிவை வரைந்தார். பொன் தலை, வெள்ளி மார்பு, வெண்கல வயிறு, இரும்புக் கால் என்று தானியேல் தீர்க்கதரிசி விளக்கிய சிலை ஒரு பக்கம். ஏழு தலையும் பத்துக் கொம்புமாக மிருகம் மறுபக்கம். பொன்னுக்கு மஞ்சள், வெள்ளிக்குச் சாம்பல், மிருகத்துக்குச் சட்டிக்கரி.

"எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றேன்.

"கர்த்தர் வரப்போறாரு. உனக்கு விரிப்பு ஒரு கேடா?" என்றார்.

அந்த வாரம் முழுக்க அவருக்கு வெறும் களிதான். தொட்டுக்கொள்ள ஒன்றும் வைக்கவில்லை.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. ஓசூர் அப்போது சின்ன ஊர். இன்று தொழிற்சாலைகள் நிற்கிற இடமெல்லாம் ராகிக் கொல்லை. அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஞாயிறு மாலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் விரிப்பைச் சுவரில் மாட்டி, கையில் குச்சியோடு பத்துப் பதினைந்து பேருக்குத் தீர்க்கதரிசனம் விளக்குவார். எங்கேயோ கடலில் அணுகுண்டு வெடித்துப் பார்க்கிறார்கள் என்று பத்திரிகையில் வந்தால் அதுவும் விரிப்பில் ஒரு மூலைக்குப் போய்விடும். எங்கள் தாலுகா மைசூரோடு போகுமா, இங்கேயே இருக்குமா என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயம். சிலையின் பாதத்தில் இரும்பும் களிமண்ணும் ஒட்டாமல் கலந்து கிடப்பது நம்முடைய ஊரைத்தான் குறிக்கிறது, தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற ஜனம் ஒன்றோடொன்று ஒட்டாது என்று ஒருநாள் சொன்னார். முன்வரிசையில் தெலுங்குக்காரக் கல்லுடைப்பவரும் அவருடைய கன்னடக்கார மனைவியும் எட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

தானியேல் சொன்ன நாட்களை வருஷங்களாக்கி, கூட்டிக் கழித்து, வருகிற மார்கழிக்குள் முடிவு வந்துவிடும் என்று அவர் கண்டிருந்தார். அதற்கு ஓர் ஏற்பாடும் செய்திருந்தார். அந்த நாளில் மலைக்கு ஓட வேண்டும், வயலில் நிற்கிறவன் துணி எடுக்கக்கூட வீட்டுக்குத் திரும்பக் கூடாது என்று வேதத்தில் இருக்கிறதல்லவா? மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மத்தியானம் அதை நாங்கள் ஓடிப் பழகினோம். சண்டைக் காலத்தில் பெயர்த்தெடுத்த ரயில் பாதையின் தண்டவாளத் துண்டு ஒன்று பள்ளிக்கூட மணியாகத் தொங்கியது. அவர் அதை அடித்ததும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எல்லோரும் கிளம்ப வேண்டும். பக்கத்து மலையில் சிவன் கோயில் இருந்தது. அங்கே போய் ஒளிந்தால் கர்த்தருக்கு எங்களை அடையாளம் தெரியுமா என்று ஒரு சந்தேகம் வந்ததால், இரண்டு மைல் தள்ளி ஒரு மொட்டைப் பாறையைத் தேர்ந்தெடுத்தோம். போகும்போது யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. லோத்தின் மனைவி அப்படிப் பார்த்துத்தான் உப்புத்தூணானாள். அந்த ஓட்டங்களில் எத்தனை முறை என் களிப்பானை அடிப்பிடித்தது என்று கேட்காதீர்கள்.

எல்லோரிலும் ஆர்வமாக நடப்பவர் எங்கள் தெருக்கோடியில் இருந்த ஒரு கன்னடக்கார அம்மா. வயது அறுபதுக்குமேல், புருஷன் இல்லை. வாந்திபேதி வந்த வருஷம் ஒரே வாரத்தில் இரண்டு மகள்களையும் புதைத்தவர். கர்த்தர் வரும் நாளில் கல்லறைகள் திறக்கும் என்பது எங்களுக்கெல்லாம் ஒரு வசனம். அவருக்கு அது தன் பிள்ளைகள் வரப்போகிற நாள். ஞாயிறுதோறும் அவருடைய ஜெபம் ஒரே வரிதான். "பேக பன்னி, ஸ்வாமி." சீக்கிரம் வாங்க, சாமி.

ஆறு வருஷம் காத்திருந்த பிறகு அந்த வருஷம்தான் எனக்குத் தலை முழுகாமல் போயிற்று. கணக்குப் பார்த்தால் பேறுகாலம் மார்கழி. மலைக்கு ஓடச் சொல்கிற அதே இடத்தில், அந்நாட்களில் பிள்ளையைச் சுமப்பவர்களுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் ஐயோ என்று இருக்கிறது. என் வீட்டுக்காரர் அந்த வரிக்கு வரும்போதெல்லாம் குரலை உயர்த்துவார். ஊரில் யார் உண்டாகியிருந்தாலும், பாவம், இந்த வருஷத்திலா என்பார். அவரிடம் நான் எப்படிச் சொல்வேன்? ஆறு வருஷமாக நான் ஆசைப்பட்டது பிள்ளைக்கு மட்டுமல்ல. சொன்னதும் அவர் முகம் மலருவதைப் பார்க்கவும்தான். அது மலராமல் போய்விடுமோ என்று பயந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஐந்து மாதம் ஓட்டினேன்.

ஆடி மாத ஓட்டத்தில் மாட்டிக்கொண்டேன். காற்றும் தூறலுமாக இருந்தது. பாதிப் பாறை ஏறியதும் கண் இருட்டிக்கொண்டு வர, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்த அந்தக் கன்னடக்கார அம்மா என் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். "எத்தனை மாசம், கண்ணு?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மேலே முதல் ஆளாகப் போய்க்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் என் அழுகுரல் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். லோத்தின் மனைவியை மறந்தார். வேதப்புத்தகத்தைக் கல்லுடைப்பவர் கையில் திணித்துவிட்டு, வழுக்குப் பாறையில் தடதடவென்று இறங்கி வந்தார்.

"அஞ்சு மாசம்" என்றார் அந்த அம்மா, என் சார்பில்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க சந்தோஷப்படுவீங்களான்னு தெரியல" என்றேன். அதைச் சொன்னதும் இத்தனை நாள் அடக்கிவைத்த கோபமும் வந்துவிட்டது. "கர்ப்பிணிங்களுக்கு ஐயோன்னு சத்தமா படிக்கிறீங்களே, அதுக்கு அடுத்த வரிய ஒருநாளாவது நின்னு படிச்சீங்களா? நீங்க ஓடறது குளிர்காலத்துல வராம இருக்க வேண்டிக்குங்கன்னு கர்த்தரே சொல்றாரே. எல்லாம் உங்க விரிப்புல எழுதி முடிஞ்சுபோச்சுன்னா, அவரு எதுக்குங்க வேண்டிக்கச் சொல்லணும்? மாத்த முடியாததுக்கா வேண்டிக்கச் சொல்லுவாரு?"

 அவர் என் பக்கத்தில் ஈரப் பாறையில் உட்கார்ந்தார். மேல்துண்டை எடுத்து என் தலையில் போர்த்தினார். மற்றவர்கள் எங்களைத் தாண்டி ஏறிப் போனார்கள். இறங்கும்போது என் கையை அவர் விடவே இல்லை. தெருவில் நாலு பேர் பார்க்க அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிறு குச்சியைத் தொடாமல் விரிப்புக்கு முன்னால் நின்றார். வரைந்தது சரியா தப்பா என்று இப்போது தெரியவில்லை என்றார். மார்கழியில் என் மனைவிக்குப் பேறுகாலம், அந்த மாதம் மட்டும் வேண்டாமென்று எல்லோரும் சேர்ந்து ஜெபிக்க முடியுமா என்று கேட்டார். கேட்கும்போது அவர் குரல் உடைந்தது. மலரவில்லை; ஆனாலும் நான் ஆறு வருஷமாகப் பார்க்க ஏங்கிய முகம் அதுதான்.

 கூட்டத்தில் இருந்த ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "வாத்தியாரே, வாரா வாரம் சீக்கிரம் வாங்கன்னு கூப்பிட்டுட்டு, இப்ப வராதீங்கன்னா அவரு என்ன நெனைப்பாரு?"

அவர் கேட்டதும் நியாயம்தானே. நான் அந்தக் கன்னடக்கார அம்மாவை நிமிர்ந்து பார்க்கக் கூசினேன். இரண்டு மகள்களைப் பார்க்க நாளை எண்ணிக்கொண்டிருப்பவரிடம் போய், எனக்காகக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள் என்று கேட்கிறோம். அவர்தான் முதலில் எழுந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கண்ணை மூடினார். வெகுநேரம் உதடு மட்டும் அசைந்தது. பிறகு சொன்னார்: "ஸ்வல்ப தடீரி, ஸ்வாமி." கொஞ்சம் பொறுங்க, சாமி. அதன்பின் ஒவ்வொருவராக அவரவர் மொழியில் அதையே வேண்டிக்கொண்டார்கள். போஸ்ட்மாஸ்டரும்தான்.

மார்கழிக் குளிரில் எனக்கு மகள் பிறந்தாள். உலகம் அப்படியே இருந்தது. என் வீட்டுக்காரர் விரிப்பைத் தாமே கழற்றித் துவைத்துத் தூளி கட்டினார். கரி முழுக்கப் போகவில்லை. குழந்தை மிருகத்தின் கொம்புக்குக் கீழே நிம்மதியாகத் தூங்கினாள்.

பத்தாம் நாள் அந்த அம்மா ஒரு சின்னக் கம்பளியோடு வந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். போகும்போது, ஏதோ இரவல் கேட்பவரைப் போலத் தயங்கி, "இனிமே சாமிய வரச் சொல்லட்டுமா, கண்ணு?" என்றார்.

 தாய்க்குச் சுயநலம் உண்டு. "பால் குடுக்கறவங்களையும் சேர்த்துத்தானேம்மா சொல்லியிருக்காரு. பால் மறக்கட்டும்" என்றேன். அவர் யோசித்துவிட்டு, சரி என்று தலையாட்டினார்.

இரண்டு வயது தாண்டியும் நான் பால் மறக்கடிக்கவில்லை. தெருவில் கேலி பேசினார்கள். காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். கடைசியில் ஒருநாள் வேப்பிலை அரைத்துத் தடவி மறக்கடித்தேன். கொடுத்த வாக்கு வாக்குதான் என்று, நாலு நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். என் மகள் அங்கேதான் இருந்தாள். அவர் அவளுக்கு ராகிக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"பால் மறந்துட்டாம்மா. இனி நீங்க வேண்டிக்கலாம்" என்றேன்.

அவர் அவள் வாயை முந்தானையால் துடைத்தார். இன்னொரு கரண்டி எடுத்து ஊதி ஆற்றினார்.

"என் பிள்ளைங்க ரெண்டும் இத்தனை வருஷம் பொறுத்துச்சுங்க, இன்னும் கொஞ்சம் பொறுக்கும்" என்றார். "இவ பள்ளிக்கூடம் போகட்டும், கண்ணு."

அந்த ஞாயிறும் அவர் ஜெபிக்க எழுந்தபோது, "ஸ்வல்ப தடீரி, ஸ்வாமி" என்றுதான் சொன்னார்.