இஸ்மாலெவ்வை தொலைக்காத அனுமதிப்பத்திரம்

செய்யாத குற்றத்துக்காக இஸ்மாலெவ்வையின் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பொலிசார் வாங்கினார்கள். அவர் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொன்ன பிறகும் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதோடும் நிற்கவில்லை. அதைத் தொலைத்தது தான்தான் என்று எழுதித் தரும்படி அவரிடமே கேட்டார்கள். அவர் எழுதிக் கொடுக்கவில்லை, கொடுக்காமலேயே போய்விட்டார். நடந்த அநியாயம் இதுதான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மீதிப் படிப்பெல்லாம் வயல் வரம்பில் குந்தியிருந்து பழைய பத்திரிகைகளில் படித்தது.

அவருடைய மரணச் செய்தி வந்தபோது சவளக்கடை ஊரில் என் வயலில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. மெஷின் இரைச்சலில் தொலைபேசி அடித்தது கேட்கவில்லை. சட்டைப்பையில் நடுங்கியதால்தான் எடுத்தேன். அழைத்தது இஸ்மாலெவ்வையின் மகள் நஸீறா.

"மாமா, வாப்பா மௌத்தாகிட்டார். சுபஹு தொழுதிட்டு வந்து சாய்ஞ்சவர், எழும்பல்ல."

இன்னாலில்லாஹி என்றேன். பிறகு என் வாய் சும்மா இருக்கவில்லை.

"லைசன் கிடைச்சிதா புள்ள?"

அழுதுகொண்டிருந்த பெண் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். "இல்ல மாமா. நேத்தும் பொலிசுக்குப் பெய்த்துக் கேட்டுட்டுத்தான் வந்தவர்."

கல்முனையில் அவருடைய முச்சக்கர வண்டியில் ஏறியவர்களுக்கு நான் அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஏறாதவர்களுக்குச் சொல்கிறேன்: குள்ளமான மனிதர், கட்டம் போட்ட சாரம், பகிடியைச் சொல்லி முடிக்கும் முன்பே தானே சிரித்துவிடும் பழக்கம். சந்தைக்குப் பக்கத்துத் தரிப்பிடத்தில் எல்லோருக்கும் மூத்தவர். எனக்குக் கண் மங்கிய நாள்முதல் நற்பிட்டிமுனையிலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து வீட்டுக்கும் அவர்தான் என்னைக் கொண்டுபோனார். போகிற வழியெல்லாம் சண்டை பிடிப்போம். அரசியல், உரம், மாங்காய்க்கு உப்பா சீனியா, எதுவென்றாலும் சண்டைதான். நான் ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை. அவரும் கொடுத்ததில்லை.

பொலிசார் கை காட்டினால் நம்முடைய ஆட்கள் முதலில் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிடுவார்கள். வண்டியை ஓரங்கட்டுவதுகூட அதற்குப் பிறகுதான். பிறகு ஒரு சிரிப்பு, ஒரு "சேர்", அடுத்ததாக என்ன குற்றம் என்று தெரிவதற்கு முன்பே ஒரு மன்னிப்பு. இஸ்மாலெவ்வை சாரத்தை இறக்கமாட்டார், ஆசனத்தை விட்டு இறங்கவும் மாட்டார். அனுமதிப்பத்திரத்தையும் காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்து நீட்டிவிட்டு, "அஸ்ஸலாமு அலைக்கும் சேர், என்னத்துக்கு மறிச்சீங்க?" என்று கலியாண வீட்டில் குசலம் விசாரிப்பவர் போலக் கேட்பார். தரிப்பிடத்துப் பொடியன்களுக்கும் அதையே சொல்வார்: "முதல்ல என்னத்துக்கு மறிச்ச எண்டு கேளு. மறுகா சாரத்தை இறக்கிறதா இல்லையா எண்டு யோசி."

அவர் எப்போதும் சரியாகத்தான் ஓட்டினார் என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை அவருடைய வண்டியின் சமிக்ஞை விளக்கு எரியவில்லை. பொலிசார் மறித்தது அதற்கல்ல, வழமையான பரிசோதனைக்கு. பத்திரங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார்கள். இவர் போகவில்லை.

"சேர், இடப்பக்கம் லைட் எரியல்ல. எழுதுங்க."

"பரவாயில்ல, போய்ப் போட்டுக்கங்க."

"இல்ல சேர். பிழை செய்யாத அண்டைக்கு நான் உங்களோட மல்லுக்கட்டுறவன். பிழை செஞ்ச அண்டைக்கு நீங்க எழுதாட்டி, எனக்கு மல்லுக்கட்ட முகம் இரிக்காது."

அந்தப் பொலிஸ்காரர் அவரையும் பின்னால் இருந்த என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்டப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு, பணம் கட்ட இஸ்மாலெவ்வை தபால் கந்தோருக்கு ஓட்டிய ஓட்டத்தைப் பார்த்தால், பரிசு வாங்கப் போகிறவர் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். நோன்பு மாதம். வயலிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். மஃரிபுக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. ஊருக்குள் நுழையும் முன் வீதியோரம் பொலிசார் நின்று வண்டிகளை மறித்துக்கொண்டிருந்தார்கள். நோன்பு திறக்க வீட்டுக்கு ஓடுகிறவர்கள்தான் எல்லோரும். பொலிசார் நீட்டிய தண்டத் தாளை ஒருவராவது வாசிக்க வேண்டுமே! ஒப்பம், கிக், பறப்பு. மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் ஒரு தமிழ்த் தம்பியும் நின்றான். அவனுக்கு நோன்பில்லை; ஐஸ் கரைகிற அவசரம். அவனும் ஒப்பமிட்டுப் பறந்தான்.

"பாத்தியா மச்சான்," என்றார் இஸ்மாலெவ்வை. "இவங்க வண்டிய மறிக்கல்ல. நேரத்தத்தான் மறிக்காங்க."

எங்கள் முறை வந்தது. இளம் பொலிஸ்காரர், சிங்களவர், தமிழ் கதைப்பார்.

"ஐயா, வெள்ளைக் கோடு தாண்டி டிரக்டரை முந்தினதுதானே."

"எந்தக் கோடு சேர்?"

மூன்று பேரும் வீதியைப் பார்த்தோம். அண்மையில்தான் புதுத் தார் போட்டிருந்தார்கள். கழுவிக் கவிழ்த்த சட்டியின் அடி போல ஒரே கறுப்பு.

"கோடு இப்ப இல்ல," என்றார் அவர். "முந்தி இருந்தது. இனியும் வரும்."

"வந்த புறகு தாண்டமாட்டன் சேர்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "சின்னத் தண்டம்தானே ஐயா. எழுதுறேன், கட்டிடுங்க. நோன்பு திறக்கப் போகணும்தானே, லேட் ஆகும்."

அந்தக் கடைசி வார்த்தைதான் இஸ்மாலெவ்வையைத் தொட்டது. திரும்பி என்னைப் பார்த்தார். "மச்சான், உனக்கு அவசரமா?"

எனக்கு வயிறு கூவிக்கொண்டிருந்தது. வீட்டில் சமோசா பொரித்து வைத்திருப்பார்கள். ஆனால் பசிக்காகப் பிழையை ஏற்றுக்கொள்கிற ஆள் நானில்லை. "எனக்கென்ன அவசரம்?" என்றேன்.

"அப்ப வழக்குப் போடுங்க சேர். நான் பிழை செய்யல்ல. நீதவானுக்கிட்ட சொல்லிக்கிறன்."

அனுமதிப்பத்திரத்தைக் கொடுத்தார். அதற்குப் பதிலாகத் தற்காலிகப் பத்திரத்தைக் கேட்டு வாங்கினார். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொன்னார். பொலிஸ்காரர் தமிழ் எழுதத் தெரிந்த இன்னொருவரை அழைத்துவர வேண்டியிருந்தது. எழுதி முடித்ததும் அதை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டு, பிறகுதான் ஒப்பமிட்டார். இதற்குள் பள்ளிவாசலில் பாங்கு சொல்லிவிட்டார்கள். ஆசனத்துக்கடியிலிருந்து ஈச்சம்பழ டின்னும் தண்ணீர்ப் போத்தலும் கஞ்சி பிளாஸ்க்கும் வெளியே வந்தன. கோப்பைகள் மூன்று. எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. மற்றது யாருக்கென்று நான் பல நாள் யோசித்ததுண்டு, அன்றைக்குத் தெரிந்தது. மறிக்கிறவருக்கு.

பொலிஸ்காரர் தயங்கினார். "ஐயா, இது லஞ்சம் இல்லயா?"

"லஞ்சமெண்டா இறைச்சி கூடப் போட்டிருப்பன் சேர். கஞ்சி வேற, வழக்கு வேற. குடிங்க."

குடித்தார். நல்லாயிருக்கு என்றார். வழக்கையும் போட்டார். அவரவர் கடமையை அவரவர் செய்தோம்.

வழக்கு நாளில் நான்தான் சாட்சி. வழக்கு நடத்திய பொலிஸ் அதிகாரி என்னைக் குறுக்குக் கேள்வி கேட்டார்: "நீங்க இவருட நண்பர்தானே? இவருக்குச் சாதகமாத்தானே சொல்லுவீங்க?"

"நண்பர்தான். வீதி எனக்கு நண்பர் இல்ல. அதைப் பெய்த்துப் பாருங்க," என்றேன்.

நீதவான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், சிரிப்பை மறைக்கத்தான். கோடு இருந்ததற்கு ஒரு படம் காட்டுங்கள் என்று பொலிசாரிடம் கேட்டார். படம் இருக்கவில்லை. இஸ்மாலெவ்வை விடுதலை. அனுமதிப்பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவு. நாங்கள் நீதிமன்ற வாசலிலேயே இஞ்சித் தேத்தண்ணி குடித்து, யார் நன்றாகக் கதைத்தது என்று சண்டை பிடித்தோம்.

சந்தோஷம் அந்தத் தேத்தண்ணியோடு முடிந்தது. நீதிமன்றக் கந்தோரில் கேட்டால், பொலிசார் ஒப்படைக்கவில்லை என்றார்கள். பொலிசில் கேட்டால், நீதிமன்றத்துக்கு அனுப்பியாயிற்று என்றார்கள். தற்காலிகப் பத்திரத்தின் காலமோ முடிந்துவிட்டது. கடைசியில் பொலிஸ் நிலையத்தில் ஒருவர் அண்ணன் முறை வைத்து, நல்ல மனத்தோடுதான் சொன்னார்: "காக்கா, தொலைஞ்சு போச்செண்டு நீங்க ஒரு முறைப்பாடு தாங்க. அதைக் கொண்டுபோய்ப் புதுசு எடுக்கலாம். சுகமான வேலை."

"நான் தொலைக்கல்லயே தம்பி."

"ஒரு எழுத்துத்தானே காக்கா."

"தொலைச்சவங்க எழுதட்டும். நான் எழுதினா பொய்."

அன்றிலிருந்து அவர் வண்டி ஓட்டவில்லை. பிழைப்பே அந்த வண்டிதான் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு பொய்யை எழுதியிருந்தால் அடுத்த மாதமே ஓட்டியிருக்கலாம். தரிப்பிடத்தில் பலரும் சொன்னார்கள், சொந்தக்காரர்களும் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. நான் அவருடைய இடத்தில் இருந்தாலும் எழுதியிருக்கமாட்டேன்.

நஸீறாவின் கணவன் றிபாஸ் வண்டியை ஓட்டத் தொடங்கினான். இஸ்மாலெவ்வை பின் ஆசனத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தன் வண்டியில் தானே பயணி. "மருமகன், ஹோன் அடி. மருமகன், பள்ளம். மருமகன், அந்தக் கிழவிக்கு வழி விடு." ஒரு நாள் றிபாஸ் பொறுக்க முடியாமல் கேட்டான்: "மாமா, லைசன் இல்லாம நாக்கால ஓட்டினா தண்டமில்லயா?" இஸ்மாலெவ்வை வண்டி குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்கியதும் அவர் தன்னுடைய வெறும் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்காமல் இல்லை.

வாராவாரம் பொலிஸ் நிலையத்துக்குப் போவார். போகப் போக அங்கே வந்தவர்கள் உட்காரும் வாங்கில் அவருக்கென்று ஓர் இடமே உண்டாகிவிட்டது. தேத்தண்ணியும் வரும். புதிதாக வருகிறவர்கள் அவரை அங்கே ஏதோ பொறுப்பில் உள்ளவர் என்று நினைத்து, தங்கள் தாளை அவரிடம் நீட்டுவார்கள். "எனக்கு நீட்டாதீங்க. வாசிச்சிட்டுத்தான் ஒப்பம் வைப்பன் எண்டு அவருக்கிட்ட சொல்லுங்க," என்று மேசையைக் காட்டுவார். அன்றைக்கு ஐஸ் கரைகிறதென்று பறந்த மீன்காரத் தம்பியும் ஒரு நாள் அந்த வாங்கில் வந்து உட்கார்ந்து, தன் வாக்குமூலத்தைத் தமிழில் எழுத வைத்துவிட்டுத்தான் எழும்பினான். நான் பக்கத்தில் இருந்தேன். இஸ்மாலெவ்வை என் விலாவில் முழங்கையால் இடித்தார்.

ஜனாஸா அடக்கத்துக்கு அந்த இளம் பொலிஸ்காரரும் வந்திருந்தார். சாதாரண உடையில், மையவாடியின் ஓரத்தில் நின்றார். என்னிடம் வந்து, "நல்ல மனுசர் ஐயா. கஞ்சி தந்தவர்," என்றார்.

"லைசனும் தந்தவர். அது எங்க?" என்றேன்.

றிபாஸ் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "மாமா, மையவாடியில வெச்சா கேக்கிற?"

"பொலிசில வெச்சுக் கேட்டுத்தானே இவ்வளவு நாளும் பதில் வரல்ல!"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அந்தப் பொலிஸ்காரப் பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் அலுமாரி எல்லாம் பார்க்கிறேன் ஐயா," என்றார். மனதிலிருந்து வந்த சொல் என்றுதான் எனக்குப் பட்டது. ஆனாலும் இன்றுவரை பதில் இல்லை.

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த ஈச்சம்பழ டின்னும் பிளாஸ்க்கும் மூன்று கோப்பைகளும். நஸீறா தந்தாள். கூடவே, பொலிஸ் நிலைய வாங்கில் அவருடைய இடமும் என்னிடம் வந்திருக்கிறது. அதை யாரும் தரவில்லை. நானே போய் உட்கார்ந்துகொண்டேன்.

இனிச் செய்ய வேண்டியவை. பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி இஸ்மாலெவ்வையின் அனுமதிப்பத்திரத்தைத் தேடி எடுத்து அவருடைய மனைவியின் கையில் கொடுக்க வேண்டும். இறந்தவருக்கு அது எதற்கு என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் ஓட்டுவதற்கல்ல, அவர் தொலைக்கவில்லை என்பதற்கு. கிடைக்காவிட்டால், எங்களிடம் தொலைந்தது என்று அவர்களே எழுதி, தமிழில் எழுதி, ஒப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். உத்தரவு நிறைவேறியதா என்று நீதிமன்றக் கந்தோர் கேட்டுப் பார்க்க வேண்டும். வீதிப் பொறுப்பிலுள்ளவர்கள் அந்தக் கோட்டைப் போட வேண்டும்; போட்ட பிறகு தாண்டுகிறவரை மறிக்கட்டும், நான் குறுக்கே வரமாட்டேன். வாகனம் ஓட்டுகிறவர்கள் சாரத்தை இறக்கும் முன் காரணத்தைக் கேட்க வேண்டும், தாளை வாசிக்க வேண்டும், பிழை தங்களுடையதென்றால் மறுபேச்சில்லாமல் கட்ட வேண்டும். றிபாஸ் ஹோன் அடிக்க வேண்டும்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒன்று. வருகிற நோன்பில் மறிக்கும் இடத்துக்குக் கஞ்சி அனுப்புங்கள். மறிக்கப்பட்டவனும் அங்கேயே நோன்பு திறக்கட்டும், மறிப்பவரும் குடிக்கட்டும். அவசரத்தில் யாரும் தன் தலையில் பிழையைப் போட்டுக்கொண்டு ஓட வேண்டாம். நீங்கள் அனுப்பும்வரை நோன்பு மாதத்தின் ஒவ்வொரு மாலையும் அந்த வீதியோரம் மூன்று கோப்பைகளோடு நான் இருப்பேன். அனுமதிப்பத்திரத்துக்கு அவர்கள் பொறுப்பு. கஞ்சிக்கு நான் பொறுப்பு.