நாவல் பழம் விழும் வரை

திருவானைக்காவல் கோயிலில், நாவல் மரத்தடியில் ஒரு அம்மா முந்தானையை ஏந்தியபடி அண்ணாந்து நிற்கிறார். காலை வெயில் இலைகளுக்குள் தூங்கி வழிகிறது. ஈரக் கல்தரையின் குளிர் என் காலில் மெல்ல ஏறுகிறது.

"பறிச்சுக்கலாமே?" என்கிறேன்.

"சாமி மரமுங்க, கை வைக்கக் கூடாது. தானா விழுந்தாதான் மருந்து. எங்க வீட்டுக்காரருக்குச் சக்கரை வியாதி. மாத்திரையோட கொட்டையையும் இடிச்சுக் கொடுக்கிறேன்."

நானும் அவரோடு அண்ணாந்து நிற்கிறேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒரு பழம் விழுகிறது, என் காலடியில். எடுத்து நீட்டுகிறேன். அவர் வாங்கவில்லை.

"உங்களுக்குன்னு விழுந்திருக்கு. இவ்வளவு நேரம் கூடவே காத்து நின்னீங்களே, உங்களுக்கும் சக்கரைதானே?"

என் மனைவியிடம்கூட இன்னும் சொல்லவில்லை. பழத்தை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, "ஆமாங்க" என்கிறேன்.