வெளிப்பக்கம் திறந்த கதவு

எரோல் டிப்பெட்டுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பிளம்பர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே எங்கள் மலையேற்றச் சங்கத்துக்கு வந்து, மலையேறுபவர்கள் தங்கும் சாட்லர் குடிலை இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பராமரிக்க ஆளில்லை, இடித்துவிடலாமா என்று வனத்துறை யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஆறு மணி நேர நடை, நாலு இடத்தில் ஆற்றுக்குள் இறங்க வேண்டும். சம்பளம் கிடையாது, மணற்பூச்சிக் கடி மட்டும் தாராளமாக உண்டு. பதினோரு வருடம் அந்த மனுஷனோடு தகரமும் பெயிண்டும் சுமந்தேன். கூரை, புகைபோக்கி, கக்கூஸ் எல்லாம் எங்கள் கைவேலைதான்.

குடிலின் கதவு உள்பக்கமாகத் திறக்கும். திறந்தால் கீழ்க்கட்டிலில் படுத்திருப்பவர் தலையில் இடிக்கும். வருகைப் புத்தகத்தில் அதைத் திட்டாத ஆளே இல்லை. ஒரு பிப்ரவரியில் எரோல் கீல்களைக் கழற்றிக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டினார். நான்தான் தாங்கிப் பிடித்தேன். பனி விழும் மலையில் கதவு உள்ளேதான் திறக்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். "இந்த உயரத்துல முழங்காலளவு பனிகூட நிக்காது, நோலீன்," என்றார். எனக்கும் சரியென்றே பட்டது. புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

எங்கள் தென்கோள நாட்டில் ஜூலைதான் கடுங்குளிர்காலம்; அந்த ஜூலையில் நான்கு நாள் விடாமல் பனிப்புயல் அடித்தது. கிரேம் லஸ்க் என்ற பள்ளி ஆசிரியர் தனியாக வந்து மாட்டிக்கொண்டார். வாசலில் இடுப்பளவு பனி இறுகி உறைந்திருந்ததால் வெளியே நின்ற அவரால் கதவை இழுத்துத் திறக்க முடியவில்லை. ஊன்றுகோலால் நோண்டிப் பார்த்திருக்கிறார், கோல் உடைந்துவிட்டது. ஜன்னலையும் உடைக்க வழியில்லை. கியா என்ற மலைக்கிளிகள் கொத்துகின்றன என்று கண்ணாடிக்குப் பதிலாகக் கனத்த பிளாஸ்டிக் தகடு போட்டவர்களும் நாங்கள்தான். தேடிப் போனவர்கள் அவரை வாசலிலேயே கண்டார்கள். உள்ளே அடுப்புப் பக்கத்தில் காய்ந்த விறகு அடுக்கியபடி இருந்தது.

குளிரில் இறந்தார் என்று விசாரணையில் எழுதினார்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று யாரும் கேட்கவில்லை. நான் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று எரோல் கிளம்பினார். நான்தான் விடவில்லை. குடிலைப் பிடுங்கிக்கொள்வார்கள், சங்கத்தின் பேர் கெடும், செத்தவர் திரும்பி வரப்போகிறாரா என்று என்னென்னவோ பேசினேன். உண்மையில் எனக்குப் பயம். அவர் வாயை மூடிக்கொண்டார். அதன்பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

நவம்பரில் கதவைப் பழையபடி மாற்றப் புறப்படும்போது கிரேமின் மனைவி ஏவிஸ் சங்கத்துக்குப் போன் செய்தாள். கணவர் போன இடத்தைப் பார்க்க வேண்டும், குடிலுக்குத் தன்னாலும் ஏதாவது செய்ய வேண்டும், பெயிண்ட் டப்பாவையாவது சுமக்கிறேன் என்றாள். என்ன சொல்லி மறுப்பது? வழி முழுக்க எங்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

எரோல் முதல் திருகைக் கழற்றியதும், "நல்லாத்தானே இருக்கு, ஏன் கழட்டறீங்க?" என்று கேட்டாள். கீல் துருப்பிடித்துவிட்டது என்று சொல்ல நான் வாயெடுத்தேன். எரோல் முந்திக்கொண்டார்.

"முன்னாடி இது உள்ளதான் திறந்துச்சு. நான்தான் வெளிப்பக்கமா மாத்தினேன். மாத்தாம விட்டிருந்தா அவரு தள்ளிட்டு உள்ள போயிருப்பாரு."

என் பெயரை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

ஏவிஸ் டப்பாவைக் கீழே வைத்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"திருப்பி மாட்ட எவ்வளவு நேரமாகும்?"

"அரை மணி."

"அவ்வளவுதானா?" என்றாள். பிறகு, "சரி, மாட்டுங்க. நான் பார்க்கணும்," என்றாள்.

உட்காராமல் பார்த்துக்கொண்டு நின்றாள். எரோலின் கையிலிருந்து திருகுகள் கீழே விழுந்தன, நான் பொறுக்கிக் கொடுத்தேன். சொன்னபடி அரை மணியில் வேலை முடிந்தது. ஏவிஸ் கிட்டே வந்து கதவைத் தள்ளினாள். திறந்துகொண்டது. துணைக்கு வரட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று கை காட்டினாள். உள்ளே காலெடுத்து வைக்காமலே ஆற்றுப் பக்கமாகத் தனியாக இறங்கிப் போனாள்.